ஈரம் உலராத கார்புரேட்டர்

எழுதாது விட்டால் ஊர்வாய் இதனைப் பேய்க்கதையாக்கிவிடும். ஆரல்வாய்மொழிச் சந்தையில் ஏற்கெனவே ஆளுக்கொரு விதமாய்ப் பேசுகின்றனர். ஆதலின், அருகிருந்து கண்டவன் என்ற முறையில் இதனைப் பதிவு செய்யக் கடமைப்பட்டுள்ளேன்.

என் தம்பி வாடகைக் கார் ஓட்டியவன். போர்க்காலத்தில் பெட்ரோல் அரிதாகவே, காரைக் கொட்டகையில் நிறுத்தினான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டரைக் கழற்றிப் பழுது நீக்கி, புதுத் தோல் வாஷர் இட்டு, துணியில் பொதிந்து நெற்பத்தாயத்தில் வைத்தான். அடுத்த மழைக்குள் கொடுங்காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று.

சென்ற வாரம் அவன் மனைவி கனகம், காரை மீண்டும் ஓடவிடத் துணிந்தாள். ஓடினால், ஓட்டுநரை அமர்த்திப் பிள்ளைகளோடு சொந்த வீட்டிலேயே பிழைக்கலாம். ஓடாவிட்டால்? கார் பழைய இரும்புக்கு; அவள் திருவட்டாற்றுத் தமையன் வீட்டு அடுக்களைக்கு.

தமையனும் வந்திருந்தார். "ஏட்டி கனகு, இத்தன வருசம் கெடந்த சாமானம் இனி எதுக்கு ஆகும்? பேசாம பொறப்படு."

"மேஸ்திரி பாத்துச் சொல்லட்டும் அண்ணே."

மார்த்தாண்டத்து மேஸ்திரி ஞானமுத்து, மற்ற உறுப்புகளை முந்தின நாளே சீர்செய்திருந்தார். எங்கள் முன்னிலையில் பத்தாயம் திறந்து பொதியை எடுத்தோம்.

"சாரே, உள்ள பச்சக் களிம்புதான் இருக்கும். தோலு அப்பளமா நொறுங்கும், பாத்துக்கிடுங்க" என்று சிரித்தபடி மூடியைத் திருகினார்.

சிரிப்பு நின்றது.

கிண்ணத்தில் ஒரு கரண்டியளவு பெட்ரோல்... தெளிவாக. தோல் வாஷர் ஈரம் ஊறி மெத்தென்றிருந்தது.

"இதுல ஆரு கை வச்சது?"

"நீரே ஊத்திட்டு எங்கள பயங்காட்டுதீராவே?" என்றார் தமையன்.

"பத்தாயம் உம்ம முன்னாலதானவே தொறந்தது!"

பத்தாயச் சாவி என்றும் கனகத்தின் இடுப்பில்தான். "நான் பொதியத் தொறக்கல அத்தான்" என்றாள் என்னிடம். "ஆனா வருசாவருசம் அவியளுக்குப் படுக்கை போடும்போ, பலகாரத்துக்குப் பக்கத்துல இந்தப் பொதியவும் வைப்பேன். அவியளுக்கு உசுரான சாமானமாக்கும்."

படுக்கை எம் பக்கத்து வழக்கம். இறந்தோர் விரும்பியவற்றை அறையில் பரப்பிக் கதவைச் சாத்துவோம். அவர்கள் வந்து உண்ணட்டும் என்று வெளியே காத்திருப்போம். இவ்வாண்டுப் படுக்கை அண்மையில்தான் கழிந்தது. கதவு திறந்தபோது ஒரு நெடி அடித்தது — விளக்குத் திரி புகைந்தது என்றே எண்ணினேன்.

மேஸ்திரி துளைகளில் ஊதிப் பார்த்தார். எங்கும் அடைப்பில்லை. காரில் பொருத்தி, முன்புறக் கைப்பிடியைச் சுழற்றினார். முதற்சுற்றிலேயே எஞ்சின் உறுமிற்று!

நாங்கள் பின்வாங்கினோம். கனகம் மட்டும் முன்சென்று, அதிரும் காரின்மேல் உள்ளங்கையை வைத்தாள். மெல்லச் சொன்னாள்:

"போதும். இனி நீங்க கஷ்டப்படாண்டாம். வண்டிய வேற ஆளு பாத்துக்கிடுவாரு."

தமையன் தனியே பஸ் ஏறினார்.

மூடிய கலத்துள் பெட்ரோல் இத்தனை ஆண்டுகள் உலராதிருக்க இயற்கை வழி உண்டோ? பொறிநூல் அறிந்தோர் என் பிழையைத் திருத்தி எழுதுக.

எனக்கு எழுதுங்கள் — கனகத்திற்கு வேண்டாம்.