காட்டேரிக்கு நான் மடித்த வெற்றிலை

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சுனாமியில் போன கடையை அந்தமானில், திக்லிபூரில் மறுபடி கட்டினேன், பாக்குத்தோட்டமும் போட்டேன்.

அந்த ஊருக்குச் சினிமாக்காரர்கள் குழந்தைகளுக்காக ரத்தக்காட்டேரிப் படம் எடுக்க வந்தார்கள். பொய் ரத்தம் ஏற்றிய கப்பல் வரவில்லை.

"ஷூட்டிங் கேன்சல்தான் பெரியவரே," என்று தலையில் கைவைத்தார் டைரக்டர்.

"அரே தம்பி, இந்தச் சிவப்பு போதாதா?" என்று வெற்றிலை போட்ட என் வாயைத் திறந்து காட்டினேன்.

காட்டேரி நடிகருக்கு வெற்றிலை மடித்தேன். பழக்கதோஷம், புகையிலையும் வைத்துவிட்டேன். வாய் சிவந்ததும் கேமரா ஓடும்போதே ஆள் தலைசுற்றிச் சவப்பெட்டிக்குள் சரிந்தார்.

"என்ன நடிப்பு!" என்று டைரக்டர் கைதட்டினார். நான்தான் பயந்துபோய் மோர் கொடுத்து எழுப்பினேன். புகையிலையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இப்போதெல்லாம் கேட்காமல் யாருக்கும் புகையிலை வைப்பதில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் படம் பார்க்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது அந்தக் காட்சிக்குத்தான். அதனால் டைரக்டர் தம்பி, படத்தில் என் பெயரையும் போடுங்கள்.