பாலிஷ் போட்ட வாட்ச்

என் மாமியாரை நான் மன்னிக்கப்போவதில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. இருந்தாலும் மாட்டேன்.

எழுபதுகளில், மலேசியாவில் லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தார். வெள்ளைக்கார துரை சீமைக்குத் திரும்பும்போது, கையில் கட்டியிருந்த சுவிஸ் வாட்சைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் கறுப்பு டயல் வெயிலிலும் வியர்வையிலும் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. பின்பக்கம் துரையின் பெயர் வெட்டியிருந்தது. எங்கள் வீட்டில் விலையுள்ள பொருள் என்று இருந்தது அது ஒன்றுதான்.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவதாகப் பேச்சு. அப்பா இதை எடுத்துக் காட்டினார். மாமியார் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“என்னா சம்பந்தி, யாரோ கட்டிக் கழிச்சத எம்மவனுக்குக் கட்டுவீங்களா? புதுசாட்டம் பண்ணிக் குடுங்க லா!”

அப்பா மறுநாளே தம்பின் டவுனுக்கு பஸ் ஏறினார். சீனர் கடையில் டயலுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, துரையின் பெயரைத் தேய்த்தெடுத்து, மேலே தங்க முலாமும் பூசிக் கொடுத்தார்கள். மணவறையில் அது பளபளவென்று மின்னியது. மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியது. அப்பா குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினால்தான் அப்பாவுக்கு ஒண்ட ஓர் இடம் கிடைக்கும். எங்களோடு வைத்துக்கொள்ள மாமியார் சம்மதிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. பழைய சுவிஸ் வாட்சுகள் வெளிநாட்டு ஏலத்தில் வீட்டு விலைக்குப் போகின்றனவாம். நான் கேட்டதுமே என் கணவர் வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். அதற்காகவே அவரை இந்தக் கோபத்தில் சேர்க்காமல் விடுகிறேன்.

ஏலத்துக்கு வாட்சு வாங்கி அனுப்பும் தமிழர் ஒருவர் சிரம்பானில் இருந்தார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏர்கான் போட்ட கடைக்குள் வரக் கூச்சப்பட்டு அவர் வெளியிலேயே நின்றுகொண்டார்.

கடைக்காரர் கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“சாயாங் லா, அக்கா, வீணாப் போச்சு. டயலுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டாங்க, பேரயும் அழிச்சிட்டாங்க. அந்தப் பழுப்புக்குத்தான் இப்ப வெலையே. அழுக்கோட அப்படியே வச்சிருந்தா ஒரு வீடே வாங்கியிருக்கலாம். இத எவனும் தொடமாட்டான்.”

துரையின் வியர்வை பட்ட டயலுக்கு ஏலத்தில் அடிதடி. ஆயுசு முழுக்க அதே வெயிலில் காய்ந்த அப்பாவுக்குக் கிடைத்தது வீட்டைக் காலி செய் என்ற உத்தரவு. புதுசாட்டம் கேட்ட மகராசி வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வாட்சை வாங்கிச் சட்டை நுனியால் துடைத்தார்.

“வேணாம்னுட்டானா? முலாம் மங்கிப்போச்சில்ல, அதான். தம்பின்ல அந்தக் கட இன்னும் இருக்கும்மா. இன்னொருவாட்டி பாலிஷ் போட்டு எடுத்தாருவமா?”