வெட்டி ஒட்டிய சிரிப்பு

கல்லூரித் தொலைக்காட்சியின் தொகுப்பாளராக மூன்றாண்டுகள் இருந்தவள் நான். பட்டிமன்ற மேடைகளில், நடுவர் மணியடித்த பிறகும் "பேச விடுங்கள்" என்று அவை கேட்டது என் பேச்சுக்காகத்தான். இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

பட்டம் பெற்றதும், விவாத நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தொகுப்பாளர் வேலை கேட்டுப் போனேன். இயக்குநர் என் பேச்சை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார்.

"திருவொற்றியூரா? அப்ப கேமராவுக்குப் பின்னாடி வாம்மா. அந்தப் பக்கத்து ஜனங்களைக் கூட்டிட்டு வர நமக்கு ஆளே இல்ல."

என் நாவை அவர் வேலைக்கு எடுக்கவில்லை, என் தெருவை எடுத்துக்கொண்டார். அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது எளிது. வேலை தேவைப்பட்டது, சேர்ந்தேன். விருந்தினர்களை அழைத்து வருவது, சட்டையில் மைக் பொருத்துவது, நாற்காலிகளை வரிசைப்படுத்துவது என்று தயாரிப்புப் பிரிவில் என் காலம் தொடங்கியது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விவாதம் தொடங்குவதற்கு முன்பே பார்வையாளர்களைச் சிரிக்கவும், கைதட்டவும், கண்கலங்கவும் வைத்துப் படம்பிடித்துக்கொள்வார்கள். 'ரியாக்‌ஷன்' என்று அதற்குப் பெயர். பிறகு படத்தொகுப்பின்போது தேவைப்படும் இடத்தில் அவற்றை ஒட்டிக்கொள்வார்கள். பேசத் தெரிந்தவள் என்பதால் அவர்களைச் சிரிக்க வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி நான் பேசினால் அரங்கம் குலுங்கும்.

தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழ்வது வரமா, சாபமா என்று ஒரு விவாதம். திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவை அழைத்தேன். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். அவர் மகள் படிக்கும் பள்ளியின் வாசலை அடைத்துக்கொண்டு, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்.

"டிவில சொன்னா கேப்பாங்களா?" என்றார்.

"கேப்பாங்கக்கா" என்றேன்.

அரங்கில் அவர் தயங்காமல் பேசினார். "எம்பொண்ணு லாரிக்கும் லாரிக்கும் நடுவுல பூந்து ஸ்கூலுக்குப் போய்க்கினு கீது. டிரைவருக்கு அவ தலையே தெரியாது. டபக்குனு வண்டிய எடுத்தா இன்னா ஆவுறது? அவ அந்தாண்ட போயி கையக் காட்டுற வரிக்கும் எனக்கு உசுரே இல்ல."

அவையில் ஒருவரும் அசையவில்லை. எத்தனையோ மேடைகளில் ஏறியவள் நான். அப்படியொரு அமைதி எனக்கு வாய்த்ததில்லை.

சில நாட்களுக்குப் பின் படத்தொகுப்பு அறையில் அதே காட்சியைப் பார்த்தேன். "பூந்து" என்ற சொல் முடிந்ததும் அவை விழுந்து விழுந்து சிரித்தது. "டபக்குனு" என்றதும் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அது சாம்பாருக்காக அவர் சிரித்த சிரிப்பு.

"சார், குழந்தை லாரியில அடிபட்டுடுமோன்னு ஒரு அம்மா பயப்படுறாங்க. அதுக்கா சிரிப்பு?" என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"அந்த பாஷைக்கு ஜனங்க சிரிக்கத்தாம்மா செய்வாங்க. நாம கொஞ்சம் முன்னாடியே சிரிச்சு வைக்கிறோம்."

நான் பேசினேன். எந்த மேடையிலும் பேசாத அளவுக்குக் கோபத்தோடு, வாதத்தின் மேல் வாதமாக அடுக்கினேன். படத்தொகுப்பாளர் முட்டை பப்ஸ் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பட்டிமன்றம் முடிஞ்சுதா? போனா சிரிப்போடதான் போகும். இல்லன்னா அந்தம்மா பேசினதையே மொத்தமா தூக்கிடுறேன். எது வேணும்னு நீயே சொல்லு."

தூக்கிவிடுங்கள் என்பதே என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் பேச்சு என்னுடையதல்லவே. மாலையில் அக்காவைத் தேடிப் போனேன். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சிரிச்சானுங்களா? நான் இன்னா காமெடியா பண்ணேன் அங்க?"

"உனக்கு யாரும் சிரிக்கலக்கா. வேற எதுக்கோ சிரிச்சத வெட்டி இங்க ஒட்டிக்கினு கீறாங்க. தூக்கச் சொல்லிடவா?"

"இரு. லாரி வருதா அதுல? ஸ்கூல் கேட்டு?"

"வருது."

"அப்ப போடச் சொல்லு."

"ஊரே உன்ன ஓட்டும்க்கா."

"ஓட்டட்டும். நீ தூக்கிட்டா லாரி போய்டுமா?" குடத்தை நங்கென்று வைத்தார். "உனக்கு மானம் போவுது. எனக்குப் பொண்ணு கீது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும்தான்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது, சிரிப்போடுதான். அந்தத் துண்டு கைப்பேசிகளில் சுற்றியது. ரேஷன் கடை வரிசையில் ஒருவன், "இன்னாக்கா, டபக்குனு பூந்துட்டியா?" என்றான். "நீ போய் லாரி அடியில பூந்து பாருடா, பேமானி" என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதையும் நான் பார்த்தேன்.

அடுத்த சில வாரங்களில் பள்ளி வாசலில் இரும்புத் தடுப்புகள் வந்தன. லாரிகள் இப்போது சற்றுத் தள்ளி நிற்கின்றன.

"பாத்தியா, வேலை நடந்துச்சா இல்லையா?" என்றார் இயக்குநர். அந்தப் பெருமிதம்தான் என்னை இன்றும் எரிக்கிறது. வாசலில் தடுப்பு வைக்கக் கடமைப்பட்டவர்கள் தாமாக அதை வைக்கவில்லை. அதைக் கேட்கப் போன தாயிடம் இவர்கள் அவள் மொழியை விலையாகப் பிடுங்கிக்கொண்டார்கள். நடந்த நன்மை அக்காவின் துணிச்சலுக்குக் கிடைத்தது. இவர்களுக்கு அதில் பங்கில்லை, எனக்கும் இல்லை.

சென்ற வாரம் புதிய நிகழ்ச்சிக்கான கூட்டம். இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "அந்தக் காமெடி அக்காவைத் திரும்பக் கூட்டிட்டு வாம்மா. செமையா போச்சு."

"கூட்டிட்டு வர மாட்டேன் சார்."

"ஏன்?"

வாதங்கள் என்னிடம் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அந்த அறையில் செலவழிக்க எனக்கு மனமில்லை. "மாட்டேன்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, அவர் பார்வையைத் தவிர்க்காமல் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.