கிராணி எழுதிய புகார்

எங்கள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஒரு புகார்ப் பெட்டி இருக்கிறது. பெயர் எழுதத் தேவையில்லை என்று மலாயிலும் தமிழிலும் ஒட்டியிருக்கிறார்கள். பெட்டிக்கு நேர் மேலே கேமரா. சாவி மானேஜரின் சட்டைப்பையில். இதைப் பார்த்துச் சிரிக்காமல் உள்ளே நுழைய எனக்கு ஓராண்டு பிடித்தது.

ஊரில் நான் வேலை பார்த்த நூற்பாலையில் பெட்டியெல்லாம் கிடையாது. வாயால் சொல்வோம், மறுநாள் வேலை இருக்காது. ஒளிவுமறைவே இல்லை. கடல் கடந்து பகாவ் பக்கம் இந்தச் செம்பனைத் தோட்டத்துக்குக் கிராணியாக எழுத்து வேலைக்கு வந்த பிறகுதான், மரியாதையாகப் பேசுகிறவர்களைக் கண்டு பயப்படக் கற்றேன். போன மாதம் சிரம்பானிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்து மானேஜர்களுக்கு வகுப்பெடுத்தார். பாகுபாட்டுப் புகார்கள் எங்கும் கூடிவருகின்றன. புகார் சொன்னவரைத் தேடாதீர்கள், சொன்னதை விசாரியுங்கள். பதவி உயர்வுக்கு விதியை எழுதி வையுங்கள். நிறுவனத்துக்கு ஆபத்து குறையும் என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் குறையப்போவது யாருடைய ஆபத்து என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே செல்வி வந்தார். இங்கேயே பிறந்தவர், இருபது வருடமாக மருந்தடிக்கிறவர். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இடம் காலியாகும்போதெல்லாம், செல்வியிடமே வேலை பழகிய ஆண் ஒருவருக்கு அது போய்விடும்.

“பேரு போட வேணாம் கிராணி. நீங்களே எழுதிக் குடுங்கலா. கிராணி கை பட்டாத்தான் ஆபீஸ்ல படிப்பாங்க.”

தோட்டத்தில் இது பழைய நம்பிக்கை. எனக்கும் பெருமையாக இருந்தது. எழுதிக் கொடுத்தேன், காலை வருகைப் பதிவேட்டைத் தினமும் எழுதுகிற அதே கையால். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

இரண்டு நாளில் மானேஜர் கூப்பிட்டார். மேசையில் பதிவேடும் புகாரும் பக்கத்தில் பக்கத்தில். அவரும் தமிழர்தான்.

“ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கு. யாருக்காக எழுதின? உனக்கு வேலை பெர்மிட் அடுத்த மாசம் முடியுதில்ல?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மறைப்பானேன், செல்வியின் பெயர் என் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் கதவருகே செல்வியே நின்றார். என்னைக் கூப்பிட்டதைக் கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறார்.

“எனக்காகத்தான் எழுதுனாரு சார். பேரு போடுறேன்.” பிறகு என்னைப் பார்த்து, “உங்கள ஊருக்கு அனுப்பிருவாங்க. என்னைய எங்க அனுப்புவாங்க?” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. செல்வி கையெழுத்துப் போட்டதும் மானேஜர் தாளை என் பக்கம் தள்ளினார்.

“அப்ப நீ சாட்சி போடு. அட்ரஸும் எழுது.”

கையெழுத்தைப் போட்டுவிட்டேன். முகவரிக்கான இடத்தில் கை தன்பாட்டில் புதுக்கோட்டைப் பக்கத்து என் ஊரின் பெயரை எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, கீழே தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் என் வீட்டு எண்ணை எழுதினேன். மானேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடித்த வரியைத்தான் முதலில் படித்தார்.