நாய்க்காரம்மா கன்னியம்மாளும் என் பத்து நாட்களும்

சென்ற வியாழக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு கார்டு வந்தது. நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவிய கார்டு. அக்கா கன்னியம்மாள் ஞாயிறு காலை தவறிவிட்டார், பதினாறாம் நாள் காரியத்துக்கு வரவும் என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். இரண்டே வரி. வழக்கப்படி படித்ததும் கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகு வேலை ஓடவில்லை. எதிரில் இருந்த எழுத்தர், "உறவா சார்?" என்று கேட்டார். "இல்லை, என்னைக் கடித்த நாயின் சொந்தக்காரி" என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

உத்திரமேரூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாய்க்காரம்மா என்றால் உங்களுக்கு ஒருவர்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த வட்டாரத்தில் கிராம சேவக்காக இருந்தேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், இந்த விதையைப் போடுங்கள், அந்த உரத்தைத் தெளியுங்கள் என்று, என் அப்பா வயதுள்ள விவசாயிகளிடம் அதிகாரம் பண்ணுவது என் உத்தியோகம். கன்னியம்மாளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கணவர் இறந்துவிட்டார், குழந்தை இல்லை. திருமுக்கூடல் போகும் வழியில், ஆற்று மணல் கலந்த இரண்டு ஏக்கர் கொல்லையில் வேர்க்கடலை போட்டுக்கொண்டு, கொல்லையிலேயே கொட்டாய் கட்டிக்கொண்டு இருந்தார். அந்த நிலத்தின் மேல் கண் வைத்த பங்காளிகளுக்குக் குறைவில்லை. துணைக்கு இருந்தது வெள்ளையன்.

வெள்ளையன் ராஜபாளையத்து நாய். லாரி ஓட்டும் தம்பி தெற்கே போனபோது குட்டியாக வாங்கி வந்து கொடுத்தது. எழுந்து நின்றால் என் இடுப்புக்கு மேலே வரும். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். அதற்குக் கன்னியம்மாள் செய்த பராமரிப்பை ஊரில் பலர் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்ததில்லை. எச்சில் இலைச் சோறு, காரக் குழம்பு எதையும் அருகில் விட மாட்டார். காலையும் மாலையும் கேழ்வரகுக் களியை மோரில் கரைத்து வைப்பார். தின்றதும் ஒரு நாழிகை கட்டிப்போடுவார். வயிறு நிரம்பிய பெரிய நாய் ஓடினால் வயிறு உப்பிக்கொள்ளும் என்பார். உச்சி வெயிலில் அந்த ரோஜா மூக்கு வெந்துபோகும் என்று விளக்கெண்ணெய் தடவி நிழலில் படுக்க வைப்பார். கனமான உடம்பு தரையில் அழுந்தி முழங்கை காய்த்துப் போகாமல் இருக்க, வைக்கோல் திணித்த கோணிதான் அதற்குப் படுக்கை. தினமும் உண்ணி பொறுக்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவார். உதட்டைத் தூக்கி ஈறு சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். "நாய் வாயத் தொறந்து நோவுன்னு சொல்லாது சார். நாமதான் அது வாயத் தொறந்து பாக்கணும்" என்பது அவர் சொன்னது. உத்திரமேரூர் மாட்டு டாக்டரே அந்தப் பேச்சைப் பல இடத்தில் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கடிபட்ட கதைக்கு வருகிறேன். ஒரு நாள் பத்து மணி இருக்கும், பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதைப் பையோடு அவர் கொல்லைக்குப் போனேன். வரப்பில் சைக்கிளை நிறுத்திவிட்டு மூன்று தடவை குரல் கொடுத்தேன். புங்கமரத்தடியில் வெள்ளையன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. குரைக்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. பரவாயில்லை, மரியாதை தெரிந்த நாய் என்று நினைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனேன். என் கால் அதன் வாலில் பட்டது. அடுத்த நொடி கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது. கொட்டாயிலிருந்து ஓடிவந்த கன்னியம்மாள் அதன் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினார். உடனே விட்டுவிட்டது.

என் அலறலைக் கேட்டு நாலு கொல்லைக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் காயத்தில் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார், இன்னொருவர் மிளகாய்த்தூள் என்றார். கன்னியம்மாள் ஒருவரையும் கிட்ட விடவில்லை. வாய்க்காலில் என் காலைப் பிடித்து இழுத்து வைத்து, துணி சோப்புக் கட்டி பாதி கரையும்வரை தேய்த்துக் கழுவினார். நான் வலியில் அவரைத் திட்டினேன். "திட்டு சார், நல்லா திட்டு. கால மட்டும் ஆட்டாத" என்றார்.

அந்த மாதம் பக்கத்து ஊரில் ஒரு வெறிநாய் இரண்டு கன்றுக்குட்டிகளைக் கடித்து, இரண்டும் செத்திருந்தன. ஊர் அரண்டு போயிருந்தது. அரை மணியில் கிராம முன்சீப் வந்துவிட்டார். தலையாரி கையில் தடியோடு பின்னால் நின்றார். முன்சீப் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், நடந்தத சொல்லுங்க. கொலைச்சிதா?"

இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. நான் சொன்னேன்: "மூணு தரம் கூப்பிட்டேன். குரைக்கவே இல்லை. சும்மா வந்து கடிச்சுது. வெறிநாய்தான், அடிச்சுப் போடுங்க." சும்மா வந்து கடித்ததா? வாலில் பட்டது என் கால். அதைச் சொல்லவில்லை. வலி, பயம் என்று எத்தனை சமாதானம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். பொய் பொய்தான். அது ஓர் உயிரை எடுக்கக்கூடிய பொய்.

"பத்து நாள் கட்டி வச்சிப் பாக்கலாம் நைனா. வெறின்னா அதுக்குள்ள தெரிஞ்சிடும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு" என்றார் கன்னியம்மாள்.

"கூப்ட்டா கொலைக்காம வந்து கடிக்கிது. இன்னும் இன்னா பாக்கறது? சங்கிலிய அத்துக்கினு ஊருக்குள்ள வந்தா நீ பதில் சொல்லுவியா?" என்றார் முன்சீப்.

 அங்கே நின்றவர்களில் கன்னியம்மாளின் பங்காளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு கொட்டாய்க்குள் போய் ஒரு பித்தளைக் குடமும் அரிவாளும் எடுத்து வந்தார். கம்பத்தில் கட்டியிருந்த நாய் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் போய், அரிவாள் முதுகால் குடத்தின் மேல் ஓங்கி அடித்தார். நாங்கள் எல்லோரும் துள்ளிவிட்டோம். அடுத்த கொல்லை மாடுகள் தலையைத் தூக்கின. வெள்ளையன் காதைக்கூட அசைக்கவில்லை.

"பாத்தீங்களா? செவுடு. பொறந்ததுல இருந்து செவுடு. இந்த சாதி வெள்ள நாயிங்களுக்கு அப்டி வர்றது உண்டாம். இவரு கூப்ட்டது அதுக்கு எப்டி கேக்கும்? இத்தினி நாளு அதுக்குக் காதா இருந்தது என் கருப்பிதான். அவ கொலைச்சா இது எழுந்துக்கும். கருப்பிய போன வாரம் பாம்பு கடிச்சி செத்துப் பூட்டா. இன்னா, போதுமா?"

கருப்பி என்ற குட்டி நாட்டு நாயை எல்லோருக்கும் தெரியும். அதை ஒருவரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இத்தனை வருடம் ஊரே பயந்து ஒதுங்கியது ஒரு செவிட்டு நாய்க்கு என்று தெரிந்துவிட்டது அல்லவா? தனியாக இருக்கும் ஒரு பெண், தன் கொல்லைக்குக் காவல் அரைக்காவல்தான் என்று பங்காளிகள் முன்னாலேயே சொல்லவேண்டி வந்தது என் ஒரு பொய்யால். அந்தச் சிரிப்பு எனக்குக் காலைவிட அதிகமாக வலித்தது.

முன்சீப் நியாயஸ்தர். பத்து நாள் கொடுத்தார். மாட்டுக் கொட்டகையில் இரட்டைச் சங்கிலியில் கட்ட வேண்டும், நடுவில் சின்னக் கோளாறு தெரிந்தாலும் அன்றே அடித்துவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றார்கள். முதல் ஐந்து நாள் போட்டுக்கொள்ளுங்கள், நாய் நன்றாக இருந்தால் நிறுத்திப் பார்க்கலாம், நாய் சாப்பிட மறுத்தால் அன்றைக்கே ஓடி வாருங்கள் என்றார் டாக்டர்.

தினமும் காலையில் என் பஸ் புளியமரத்து நிறுத்தத்தில் நிற்கும். கன்னியம்மாள் அங்கே நின்றுகொண்டிருப்பார். ஜன்னல் பக்கம் வந்து வானொலியில் செய்தி வாசிப்பது போலச் சொல்வார்: "ரெண்டு வேள களி துன்னுச்சி. தண்ணி குடிச்சிது. வெளிக்கி நல்லா போச்சி." பஸ்ஸே கேட்டுக்கொண்டிருக்கும். கண்டக்டர், "சாருக்கா, நாய்க்கா?" என்று கேட்டு விசில் ஊதுவார். எனக்கு மானம் போகும். ஆனாலும் அந்தச் செய்தியைக் கேட்காமல் எனக்குப் பயம் அடங்காது. ஐந்து ஊசி முடிந்தது. டாக்டர் நிறுத்தச் சொன்னார். இருந்தாலும் பத்து நாள் முடியும்வரை செய்தி கேட்காமல் இருக்க முடியுமா? ஆறாம் நாள் காலை ஊசி இல்லாத வயிற்றோடு நானே நிறுத்தத்துக்குச் சைக்கிளில் போனேன்.

கன்னியம்மாள் மரத்தடியில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"துன்னல சார்."

 சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "நேற்று ராத்திரியா, காலையிலேயா?" என்று உளறினேன்.

"ரெண்டு வேளயும் துன்னல. ஈறு வெளுத்துக் கீது. மாட்டுக் கொட்டாய்ல கட்டனதுல காதுக்குள்ள, வெரலு சந்துல எல்லாம் உண்ணி. உண்ணிக் காய்ச்சல்னுதான் எனக்குத் தோணுது. ஆனா நான் இன்னா டாக்டரா? தப்பா இருந்தா ஒங்க உசுரு ஆச்சே. நீங்க ஊசிக்கு போங்க. நான் முன்சீப்பு வூட்டுக்கு போறேன்."

"அவரிடம் சொன்னால் அடித்துவிடுவார்கள் அம்மா."

"தெரியும். பொய் சொன்னா ஒங்க உசுரு, நெசம் சொன்னா அதோட உசுரு. ரெண்டும் என் வாய்லதான் கீது. இன்னா பண்றது சொல்லு."

அழுதார். அழுதுகொண்டே முன்சீப் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் அவருக்கு முன்னால் சைக்கிளில் போய் முன்சீப்பின் வாசலில் நின்றேன். நான் வாலை மிதித்ததை முதல் தடவையாக அங்கேதான் சொன்னேன். மாட்டு டாக்டர் வந்து பார்க்கும்வரை கையை வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். முன்சீப் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை அல்ல. "சாயங்காலத்துக்குள்ள டாக்டர இஸ்துக்கினு வாங்க" என்றார். உத்திரமேரூருக்கு அப்படி ஒரு மிதி மிதித்தேன். புண்பட்ட கால் என்பதே நினைவில் இல்லை.

மாட்டு டாக்டர் தள்ளி நின்றே பார்த்தார். தண்ணீரை நீளக் கழியால் தள்ளி வைக்கச் சொன்னார். வெள்ளையன் நக்கிக் குடித்தது. தொண்டை இறங்குவது தெரிந்தது. வாய் தொங்கவில்லை, எச்சில் ஒழுகவில்லை, கன்னியம்மாளைக் கண்டதும் வால் ஆடியது. "கையை வாய்க்குள்ள வச்சியா?" என்று அவரைத் திட்டினார். "வச்சேன். வைக்காம எப்டி தெரியும்?" என்றார் இவர். நாயின் வாயைக் கயிற்றால் கட்டிவிட்டு டாக்டர் அதற்கு ஊசி போட்டார். உண்ணிக் காய்ச்சல்தான் என்றார், ஆனாலும் பத்து நாள் முடியட்டும் என்றார். நானும் அன்றிலிருந்து ஊசியை மறுபடி போட்டுக்கொண்டேன். எட்டாம் நாள் வெள்ளையன் களி தின்றது. பத்தாம் நாள் சங்கிலி ஒன்றாயிற்று. காஞ்சிபுரத்து டாக்டர் என் ஊசியை நிறுத்தினார்.

அந்த அறுவடைக்கு முன்பு கன்னியம்மாளின் கொல்லையில் மேற்கு மூலைக் கடலையை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். செவிட்டு நாய் என்று தெரிந்த பிறகு யாருக்குத்தான் பயம்? நான் தலை குனிந்துகொண்டு போய் நின்றேன். அவர் வெறும் செடிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "மல்லாக்கொட்ட போனா போவுது சார். அடுத்த பட்டத்துல வெதச்சிக்கலாம். நான் கம்முனு இருந்து நீங்க பூட்டிருந்தா, ஒங்கள எங்க போய் வெதைக்கிறது?" என்றார். அடுத்த வாரமே குரைக்கத் தெரிந்த ஒரு குட்டி நாயைப் பிடித்து வந்து வளர்க்க ஆரம்பித்தார். வெள்ளையன் அதன் பிறகு ஏழு வருடம் இருந்து, கோணிப் படுக்கையிலேயே கண் மூடியது. அந்தக் கொல்லையில் பங்காளிகளால் ஒரு சாண் வரப்பைக்கூட நகர்த்த முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். சென்ற ஆண்டு என் பேச்சைக் கேட்டு உரம் போட்ட ஒருவரின் நாற்றங்கால் கருகிவிட்டது. மழையின் மேல் போட்டு எழுதிவிடுங்கள் என்றார் மேலதிகாரி. அளவைத் தவறாகச் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதவி உயர்வு நின்றது. வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றது. எனக்கு வருத்தமில்லை.

நாய்க்கு வெறி இல்லை. ஆகவே அன்று காலை அவர் 'துன்னுச்சி' என்று சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அது அவருக்குத் தெரியாது. தெரியாத நிலையில்தான், தனக்கு இருந்த ஒரே துணையை என் உயிருக்காகக் கொடுக்கத் துணிந்தார். நான் அவருக்கு யார்? அவருடைய நாயை அடித்துப் போடச் சொன்னவன்.