கடித்ததா என்று கேட்டார்கள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். நூலகமும் என் பொறுப்பு. ஓர் அறை, நான்கு அலமாரி, எக்கச்சக்கமாக எலி. எங்கிருந்தோ வந்த சாம்பல் நிறப் பூனைக்குச் சோறு வைக்க ஆரம்பித்த பிறகுதான் புத்தகங்கள் பிழைத்தன. சில ஆசிரியைகளுக்கு அது பிடிக்கவில்லை. பூனையை வைத்துக்கொள்வதா, விரட்டுவதா என்று முடிவு செய்யத் தலைமையாசிரியை, எங்கள் பெரிய டீச்சர், ஒருநாள் சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்.

அன்று மத்தியானம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பூனையைத் தூக்கப்போக, அது விரலில் கடித்துவிட்டது. ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவித் துணி சுற்றினேன்.

"யார்ட்டயும் சொல்லாத. சொன்னா பூனையை வெரட்டிருவாக" என்றேன். தலையாட்டினாள்.

கூட்டத்தில் பெரிய டீச்சர் நேராக என்னையே கேட்டார். "இதுவரைக்கும் பிள்ளைக யாரையாவது கடிச்சிருக்கா?"

"இல்லைங்கம்மா."

பூனை இருக்கலாம் என்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால், பூனை அலமாரிக்கடியில் சுருண்டு கிடந்தது. சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையை நீட்டினால் சீறியது. வாயெல்லாம் எச்சில். வெறி பிடித்துவிட்டதோ என்று தோன்றியது. கதவைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"வெறியா இருந்து முத்திட்டா எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார் டாக்டர். "இன்னைக்கே பிள்ளைக்கு ஊசி ஆரம்பிக்கணும். கடிச்ச நாள்ல இருந்து பத்து நாள் பூனை நல்லா இருந்தா நிறுத்திக்கலாம்."

பெரிய டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அவ அம்மாட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார்.

அன்று அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. வண்டி பிடித்து அவள் ஊரான மம்சாபுரம் போனேன். அவள் அம்மா வயலில் களை பறித்துக்கொண்டிருந்தாள். லேசாகக் காய்ச்சல் என்று மகளை வேப்ப மரத்தடியில் படுக்க வைத்திருந்தாள். கடியால் வந்த காய்ச்சலோ என்று பயந்தேன். வரப்பில் நின்றே சொல்லி முடித்தேன்.

"முள்ளு குத்திருச்சுன்னுல்லா எங்கிட்ட சொன்னா. நீங்க சொல்லித்தான் மறைச்சாளா டீச்சர்?"

ஆமென்று தலையசைத்தேன். அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது. ஊசியை விட முடியவில்லை. தினமும் வயிற்றில் ஒன்று. அவள் அலறுவாள், நான் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். முடிந்ததும் ஓடிப்போய் நூலக ஜன்னல் வழியே பூனைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன். கடித்ததிலிருந்து ஐந்தாம் நாள் அது எலும்புத் துண்டு ஒன்றைக் கக்கிப் போட்டிருந்தது. அதுதான் தொண்டையில் சிக்கியிருந்திருக்கிறது! அன்றே தண்ணீர் குடித்தது. ஆனாலும் பத்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்த பிறகுதான் ஊசி நின்றது.

மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை அந்த அம்மாவையும் உட்கார வைத்துக் கேட்டார் பெரிய டீச்சர். விரட்டச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"பூனை இருந்துட்டுப் போகட்டும், அதுக்கு என்ன தெரியும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எம்பிள்ளையை மட்டும் இனிமே பொய் சொல்ல வச்சிராதிய."

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் வேலை பார்த்துவிட்டேன். அடிபட்டு வரும் எந்தப் பிள்ளையிடமும் "வீட்டுல மறக்காமச் சொல்லிரு" என்று சொல்லிவிட்டுத்தான் மருந்தையே கையில் எடுப்பேன்.