என் காலடிக்கு வந்த செவலை

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. திண்டுக்கல்லில் நான் தோல் பதனிடும் வேலை பார்த்த தோல் ஷாப் மூடிக் கிடந்த சமயம். ஊருக்கு வெளியே இருந்த நகராட்சி நாய்ப்பட்டியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். கழுத்தில் நகராட்சி வில்லை இல்லாத நாய்களைத் தெருவில் பிடித்துவந்து அங்கே அடைப்பார்கள். கூண்டு கழுவுவதும், தண்ணீர் வைப்பதும், கஞ்சி ஊற்றுவதும் என் வேலை. தோல் நாற்றத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் அம்மா, "அப்படியே உள்ள வந்துராத, கிணத்தடியில குளிச்சிட்டு வா" என்பார். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் நகர்ந்துகொள்வார். "தெருவெல்லாம் நாயி, நீங்க அங்க என்னத்தப் புடுங்குறீங்க?" என்று கேட்பவரும் அவர்தான். நாயைப் பிடித்தால், "வாயில்லா ஜீவன், நல்லா இருப்பீங்களாடா?" என்று திட்டுபவரும் அவரேதான்.

அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருந்தது. மீட்டுப்போக வைத்த கெடு முடியும்வரை சொந்தக்காரர் வராத நாய்க்குச் சோற்றில் விஷ மருந்து கலந்துவிடுவார்கள். வலை போட்டுப் பிடித்தவர்கள் அதை வைத்தால் நாய் மோந்துகூடப் பார்க்காது. தினமும் கஞ்சி ஊற்றிய கை வைத்தால் வாலை ஆட்டிக்கொண்டே தின்னும். என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

சொந்தக்காரர் என்று யாராவது வந்தால், பட்டியை மேற்பார்க்கும் மேஸ்திரி ஒரு சோதனை வைப்பார். கூண்டைத் திறந்துவிட்டு, வந்தவரைக் கூப்பிடச் சொல்வார். நாய் அவரிடம் போனால் அவருடையது. முன்பு யாரோ இரக்கப்பட்டு, தன் நாய் என்று பொய் சொல்லி மீட்டுக்கொண்டுபோய்த் தெருவில் விட்டிருக்கிறார். அது ஒரு பிள்ளையைக் கடித்து, பிள்ளை பிழைக்கவில்லை. அதிலிருந்து மேஸ்திரிக்கு அந்தப் பிடிவாதம்.

அந்தத் தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு செவலை நாய் வந்து சேர்ந்தது. காது கிழிந்திருந்தது. கஞ்சியைத் தொடவேயில்லை, வாசலைப் பார்த்தபடி படுத்தே கிடந்தது. இப்படியே விட்டால் பட்டினியிலேயே போய்விடும் என்று தோன்றியது. என் மச்சான் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைக்கிறவர். அவரிடம் எலும்பு கேட்டு வாங்கி, துணியில் முடிந்து கொண்டுபோய்ப் போட்டேன். முதலில் முறைத்தது. அப்புறம் தின்றது. அதன்பின் என் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடும்.

கெடு முடிகிற அன்று சாயங்காலம் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம், நெற்றி நிறைய விபூதி. பழநிக்குப் பாட்டுப் பாடிப் போய் வந்ததில் தொண்டை கட்டியிருந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் ஆடு மேய்ப்பவராம்.

"கூடவே நடந்து வந்துச்சு பாய். இங்க வந்து கூட்டத்துல காணாமப் போச்சு. மாலை போட்டுட்டு வழியில திரும்பக் கூடாதேன்னு மனசக் கல்லாக்கிட்டுப் போயிட்டேன். இந்தச் செவலதான் எங்க ஆட்டுப்பட்டிக்குக் காவலே."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். மேஸ்திரி பார்த்துக்கொண்டு நிற்க, ஓடிப்போய்க் கூண்டைத் திறந்தேன்.

"ஏ செவல... வாடா" என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. செவலை அந்தச் சந்தன மொட்டையைப் பார்த்தது. மயிர் சிலிர்த்துக் குரைத்தது. சுற்றி வந்து என் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

"ஏ கிறுக்கு, நாந்தாண்டா!" என்று அவர் சிரித்தார். அது வரவில்லை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மேஸ்திரி, நான் எலும்பு போட்டுப் பழக்கிட்டேன், அதான். மொட்டையப் பார்த்து மிரளுது. செத்த நேரம் நான் வெளிய போறேன், இன்னொருக்கா கூப்பிடட்டும்" என்றேன். சுவருக்கு அந்தப்பக்கம் போய் நின்றேன். உள்ளே அவர் கூப்பிடுவது தேய்ந்து தேய்ந்து கேட்டது. செவலை என்னைத் தேடிச் சுவரைச் சுற்றி ஓடி வந்தது.

"பார்த்தியா?" என்றார் மேஸ்திரி.

"அப்படின்னா என் நாயின்னே வச்சுக்குங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நல்லாருக்கே! இங்க இருக்கிற அம்புட்டு நாயும் உங்கிட்டதான் வரும். அம்புட்டையும் ஓட்டிட்டுப் போயிருவியா?"

அவர் சொன்னது உண்மைதானே.

அந்த மனிதர் நாங்கள் பேசியதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நாயை நான்தான் வளர்க்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் கிராமத்தில் வில்லை ஏது, மருந்துச் சோறு ஏது? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவால்ல பாய். நம்மகிட்ட இருந்ததவிட சதை புடிச்சிருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும். கம்மங்கூழுன்னா அதுக்கு உசுரு. இடி இடிச்சா மட்டும் பக்கத்துல இருங்க, ரொம்ப நடுங்கும்."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் சொன்னாலும் நாய் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை தட்டைக் கையில் கொடுத்தார்கள். முடியாது என்றேன். "நீ வைக்கலேன்னா கழியால அடிச்சுத்தான்" என்றார்கள். வைத்தேன். செவலை தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் வாலை ஆட்டியது.

அன்றோடு அந்த வேலையை விட்டுவிட்டேன். மூடியிருந்த தோல் ஷாப்பும் பிறகு திறந்தது. எலும்பு போடாமல் இருந்திருந்தால் அது அவரிடம் போயிருக்குமோ, இல்லை அவர் வருவதற்குள் பட்டினியிலேயே செத்திருக்குமோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் வானத்தில் இடி இடித்தால் இன்றும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்தில் இருங்கள் என்று என்னை நம்பிச் சொல்லிவிட்டுத்தானே அவர் போனார்.